அமெரிக்காவில் ஃபெடரல் வழக்கா? முதல் நாளிலிருந்து தண்டனை நாள் வரை குடும்பம் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் இருக்கும் மகனோ தம்பியோ ஃபெடரல் வழக்கில், அதாவது அமெரிக்க மத்திய அரசு தொடுக்கும் வழக்கில், சிக்கிவிட்டார் என்று செய்தி வந்ததும், வீட்டில் ஒருவர் ஊர் வக்கீலுக்குப் போன் போட்டு முன்ஜாமீன் கேட்பார். இன்னொருவர், "நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள்" என்று போனிலேயே தைரியம் சொல்வார். அங்கே முன்ஜாமீன் என்று ஒன்று கிடையாது. நடந்ததை வக்கீல் இல்லாமல் சொல்லப் போவதுதான் வழக்கை முதலில் கெடுக்கிறது.

போதைப்பொருள், மோசடி ஆகிய இரண்டு வகை ஃபெடரல் வழக்குகளை வைத்து இதை எழுதியிருக்கிறோம். ஊரிலிருந்து பார்சலில் வந்த ட்ராமடால் (வலி மருந்து), அல்ப்ரசோலம் (பதற்றத்துக்கான மருந்து) மாத்திரைகள், "ஒரு பார்சலை வாங்கி வந்தால் போதும்" என்ற பகுதிநேர வேலையை நம்பிப் போய் முதியவர்களின் பணத்தோடு பிடிபட்ட மாணவர், மருத்துவ பில்லிங், வங்கிக் கடன் விண்ணப்பம் என்று நம்மவர்கள் வந்து நிற்கும் வாசல்கள் பல. அதன் பிறகு போகும் பாதை எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதலில் வழக்கு ஃபெடரலா, மாநிலமா என்று பாருங்கள். கோர்ட் தாளின் தலைப்பில் "யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா" எதிர் இன்னார் என்று இருந்தால் ஃபெடரல். வழக்கு எண்ணின் நடுவில் "எம்ஜே" என்று இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் தொடக்க நிலையில் இருக்கிறது. "சிஆர்" என்று இருந்தால் பெரும்பாலும் குற்றப்பத்திரிகை வந்துவிட்டது என்று பொருள். மாநில வழக்கென்றால் கீழே உள்ள கெடுக்கள் பலவும் பொருந்தாது.

1. கதவு தட்டப்பட்டால்

ஃபெடரல் தேடுதல் வாரண்டைச் சாதாரணமாகக் காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிக்குள் நிறைவேற்ற வேண்டும். ஆகவே விடிந்தும் விடியாததுமாக வருவார்கள். எஃப்.பி.ஐ., டி.இ.ஏ. என்ற போதைப்பொருள் தடுப்புத் துறை, அஞ்சல் துறை இன்ஸ்பெக்டர்கள், வருமான வரித் துறையின் குற்றப் பிரிவு என்று யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். நல்லவிதமாகத்தான் பேசுவார்கள். "உங்கள் மேல் ஒன்றும் இல்லை, ரெண்டு கேள்விதான்" என்பார்கள்.

பதில் சொல்லாதீர்கள். ஃபெடரல் அதிகாரியிடம் தெரிந்தே முக்கியமான ஒரு விஷயத்தில் பொய் சொல்வது தனிக்குற்றம், 5 ஆண்டு வரை சிறை. சத்தியம் வாங்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. மூல வழக்கு நிற்காமல் போய், பயத்தில் சொன்ன ஒரு பொய் மட்டும் நிற்பதும் உண்டு. இன்னொன்று, இந்தியாவில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. அமெரிக்காவில் அது செல்லும். வீட்டு வாசலில் நின்று சொன்னதை அந்த அதிகாரியே கூண்டில் ஏறி ஜூரியிடம் சொல்வார். படங்களில் வரும், "பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு" என்ற அந்த "மிராண்டா" எச்சரிக்கை காவலில் வைத்து விசாரிக்கும்போது மட்டுமே தேவை. உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசும்போது அதைச் சொல்லாவிட்டாலும் பேச்சு செல்லும்.

வெறுமனே வாய்மூடி நின்றாலும் போதாது. மௌன உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லாதவரின் மௌனம், காவலுக்கு வெளியே நடந்த விசாரணையாக இருந்தால், அவருக்கு எதிராகவே பயன்படலாம் என்பது 2013-ல் வந்த சாலினாஸ் வழக்கின் விளைவு. ஆகவே இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "ஐ ஆம் யூசிங் மை ரைட் டு ரிமெய்ன் சைலன்ட். ஐ வான்ட் எ லாயர்." அதன் பிறகு வானிலை பற்றிக்கூடப் பேச வேண்டாம்.

வாரண்ட் இருந்தால் தடுக்காதீர்கள். நகலை வாங்குங்கள். முகவரி உங்களுடையதுதானா, நீதிபதியின் கையெழுத்து இருக்கிறதா, பின்னிணைப்பில் எதையெல்லாம் எடுக்கலாம் என்று இருக்கிறது, இந்த மூன்றையும் பாருங்கள். வாரண்ட் இல்லாமல் "சும்மா பார்க்கலாமா" என்று கேட்டால், "ஐ டூ நாட் கன்சென்ட்" என்று ஒரே வரியில் மறுத்துவிடுங்கள். போகும்போது எடுத்துச் சென்ற பொருள்களின் பட்டியலைத் தருவார்கள். அது வக்கீலின் கைக்குப் போக வேண்டிய முதல் தாள். செல்போனின் ரகசிய எண்ணை வக்கீலைக் கேட்காமல் சொல்ல வேண்டாம்.

இனி வருவதில்தான் குடும்பங்கள் அதிகம் தவறுகின்றன. அதிகாரிகள் போனதும் வாட்ஸ்அப் உரையாடல்களை அழிப்பது, பழைய லேப்டாப்பை நண்பர் வீட்டுக்கு அனுப்புவது, "அந்த ஃபைலை எடுத்துவிடு" என்று கணக்கருக்குச் சொல்வது. ஃபெடரல் விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தில் ஆவணங்களை அழிப்பதற்கு 20 ஆண்டு வரை தண்டனை உண்டு. மூல மோசடிக் குற்றத்துக்கு எழுதியிருக்கும் உச்சபட்சமும் பல வழக்குகளில் அதே 20தான். ஒன்றையும் தொடாதீர்கள். தானாக மறையும் செய்தி வசதி போனில் இருந்தால் என்ன செய்வது என்பதை வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள்.

கைது இல்லாமல் தபாலில் கடிதம் வந்தாலும் இதே விதி. கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவெடுக்கும் பொதுமக்கள் குழு) சம்மன் என்றால் அதில் ஒரு தேதி இருக்கும், தவறவிடக் கூடாது. "டார்கெட் லெட்டர்" என்றால் அரசு உங்களைக் குற்றவாளியாகவே பார்க்கிறது என்று அர்த்தம். குற்றப்பத்திரிகை வரும் முன்பே வக்கீல் அரசுத் தரப்பிடம் பேச முடிகிற அரிய இடைவெளி இதுதான், வீணாக்காதீர்கள். கம்பெனி தொடர்பான வழக்கில் "நம்ம கம்பெனி வக்கீலே பார்த்துக்கொள்வார்" என்று விடவே கூடாது. அவர் கம்பெனியின் வக்கீல். நீங்கள் அவரிடம் சொன்னதை அரசிடம் ஒப்படைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது கம்பெனி.

2. கைதானவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்தல்

ஃபெடரல் கைதிகள் யு.எஸ். மார்ஷல்ஸ் என்ற ஃபெடரல் கோர்ட் காவல் அமைப்பின் பொறுப்பில் இருப்பார்கள். பெரும்பாலும் உள்ளூர் கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ஜெயிலில்தான் வைத்திருப்பார்கள். ஃபெடரல் சிறைத் துறையின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், ஆனால் முதல் சில நாள்கள் கவுன்டி ஜெயிலின் பட்டியலில் தேடுவதே பலன் தரும்.

நம் பெயர்கள் இங்கே பெரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தவருக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யு" (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகியிருக்கும், சொந்தப் பெயர் குடும்பப் பெயராகப் போயிருக்கும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்தவரைச் சிறையில் அப்பா பெயரிலேயே பதிந்திருப்பார்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலைக் கையில் வைத்துக்கொண்டு, இன்ஷியல் விரித்தும், முன்பின் மாற்றியும், "எஃப்என்யு" போட்டும் தேடுங்கள். கிடைத்ததும் எட்டு இலக்கப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து இலக்கம், ஒரு கோடு, மூன்று இலக்கம் என்று இருக்கும். இனிக் கடிதம், பணம், எல்லாவற்றுக்கும் அந்த எண்தான்.

வழக்குத் தாள்களுக்கு "பேசர்" என்ற கோர்ட் இணையதளம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் மொத்தம் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே வசூலிக்க மாட்டார்கள். முதலில் இறக்க வேண்டியது புகார் மனுவோடு இணைத்த ஏஜென்ட்டின் பிரமாணப் பத்திரம். அரசிடம் என்ன சாட்சியம் இருக்கிறது என்பதன் முதல் வரைபடம் அதில்தான் இருக்கிறது. அதை உறவினர் குழுவில் பகிர்ந்து கருத்துக் கேட்காதீர்கள்.

தூதரகம் பற்றியும் ஒரு வார்த்தை. கைதானவர் இந்தியக் குடிமகன் என்றால் அவர் கேட்டுக்கொண்டால்தான் துணைத் தூதரகத்துக்குச் சொல்வார்கள். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் என்றால் கேட்காமலே சொல்லியாக வேண்டும். தூதரகம் வக்கீலாக வந்து வாதாடாது. சந்திப்பது, குடும்பத்துக்குத் தகவல் தருவது, பாஸ்போர்ட் வேலைகள் என்ற அளவில் உதவும்.

3. வக்கீல்

பணம் இல்லாவிட்டாலும் வக்கீல் உண்டு. வெளிநாட்டவருக்கும் உண்டு. சொத்து, வருமானம் பற்றிய "சிஜேஏ 23" என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். தகுதி இருந்தால் அரசுச் சம்பளத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் ஃபெடரல் பப்ளிக் டிஃபெண்டரையோ, கோர்ட் பட்டியலில் இருக்கும் தனியார் வக்கீலையோ நியமிப்பார்கள். "இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ" என்ற ஊர் எண்ணத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஃபெடரல் டிஃபெண்டர்கள் நாள் முழுவதும் இதே கோர்ட்டில், இதே சட்டத்தில் வேலை செய்பவர்கள். மாநில கோர்ட்டில் குடிபோதை டிரைவிங் வழக்கு நடத்தும் பெயர்பெற்ற வக்கீலைக் காட்டிலும் அவர்கள் பல மடங்கு மேல் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. நிபுணர், மொழிபெயர்ப்பாளர் செலவையும் கோர்ட்டின் அனுமதி பெற்று அரசுப் பணத்திலேயே பார்த்துக்கொள்ள முடியும்.

ஒரு பொறி: அந்தப் படிவம் பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டது. ஊரில் தன் பெயரில் இருக்கும் மனை, கூட்டுக் கணக்கு, நகைக்கடன் எல்லாம் கேள்விக்குள் வரும். எழுதாமல் விட்டால் அது புது வழக்கு.

தனியார் வக்கீலை அமர்த்துவதாக இருந்தால் நேரடியாகக் கேட்க வேண்டியவை இவை. இந்த மாவட்ட ஃபெடரல் கோர்ட்டில் கடைசியாக எப்போது ஆஜரானீர்கள்? ஜூரி முன் எத்தனை ஃபெடரல் வழக்கு நடத்தியிருக்கிறீர்கள்? வேலையைச் செய்யப்போவது நீங்களா, ஜூனியரா? கட்டணம் எந்தக் கட்டம் வரை? ஜூரி விசாரணை, அப்பீல், நிபுணர், ஆவணங்களை அலசும் செலவு எல்லாம் சேர்ந்ததா, தனியா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பல பத்தாயிரம் டாலர் கேட்பது சாதாரணம், ஆவணங்கள் மலைபோல் குவிந்த மோசடி வழக்கு ஜூரி வரை போனால் லட்சத்தைத் தாண்டும். "விடுதலை வாங்கித் தந்தால் இவ்வளவு" என்று பேசுபவரை உடனே விட்டு விலகுங்கள், குற்ற வழக்கில் முடிவை வைத்துக் கட்டணம் பேசுவது அமெரிக்க வக்கீல்களின் தொழில்விதிகளில் தடை. வக்கீல்களுக்கு உரிமம் தரும் மாநில பார் அமைப்பின் இணையதளத்தில் பெயரைப் போட்டு உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கைதானவருக்கு ஆங்கிலம் தடுமாறினால் கோர்ட் நடவடிக்கைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கோர்ட்டே தன் செலவில் தரும். முன்கூட்டியே கேட்க வேண்டும், தமிழுக்கு ஆள் கிடைக்க நாளாகும். வக்கீல் சந்திப்பில் மாமாவையோ நண்பரையோ மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். மூன்றாம் மனிதர் கூட இருந்தால் அந்தப் பேச்சின் ரகசியப் பாதுகாப்பே போய்விடலாம்.

4. ஜாமீன்: கையில் இருப்பது சில நாள்தான்

கைதானதும் தாமதமின்றி மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். அரசு உள்ளேயே வைக்கச் சொல்லிக் கேட்டால் தயாராக 3 நாள் வரை அவகாசம் வாங்கலாம், உங்கள் தரப்பு 5 நாள் வரை வாங்கலாம். சனி, ஞாயிறு, விடுமுறை கணக்கில் வராது. இந்தச் சில நாளில் குடும்பம் செய்து முடிக்கும் வேலைதான் ஒருவர் வழக்கு முடியும்வரை வீட்டில் இருப்பாரா, ஜெயிலில் இருப்பாரா என்பதை நிர்ணயிக்கும்.

நீதிபதிக்கு இருக்கும் கேள்வி இரண்டு: ஓடிவிடுவாரா, வெளியே இருந்தால் பிறருக்கு ஆபத்தா? 10 ஆண்டோ அதற்கு மேலோ உச்சபட்சத் தண்டனை உள்ள போதைப்பொருள் குற்றம் என்றால், உள்ளே வைக்கலாம் என்ற அனுமானத்தோடுதான் சட்டம் தொடங்கும், அதை நாம்தான் உடைக்க வேண்டும். ட்ராமடால், அல்ப்ரசோலம் போன்ற, கட்டுப்படுத்திய மருந்துகளின் நான்காம் பட்டியலில் உள்ள மருந்தை விற்றதற்கு உச்சபட்சம் 5 ஆண்டு என்பதால் அந்த அனுமானம் எழாது. மோசடியிலும் எழாது. நம்மவர்களுக்குத் தடையாக இருப்பது ஓடிவிடுவார் என்ற வாதம்: ஊரில் பெற்றோர், கையில் இந்திய பாஸ்போர்ட், இங்கே வாடகை வீடு.

அதற்கு எதிராக வக்கீல் கையில் கொடுக்க வேண்டியவை:
- பாஸ்போர்ட், ஒப்படைக்கத் தயார் என்ற சம்மதத்தோடு.
- வாடகை ஒப்பந்தம், அந்த வீட்டில் தங்கலாம் என்று வீட்டுக்காரர் அல்லது உடன் இருப்பவரின் எழுத்து.
- வேலை அல்லது கல்லூரிக் கடிதம், சம்பளச் சீட்டு, விசாத் தாள்கள்.
- கூடக் கையெழுத்துப் போட ஒன்றிரண்டு பேர். குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ என்றால் நல்லது. அவர்களின் சம்பளச் சீட்டு, வீடு இருந்தால் மதிப்பும் கடன் பாக்கியும் காட்டும் தாள்.
- கைதானவரைத் தன் வீட்டிலேயே வைத்துக் கண்காணிக்கச் சம்மதிக்கும் பொறுப்பாளர் ஒருவர்.
- நோய், மருந்துச் சீட்டு, குழந்தைகளின் பிறப்புச் சான்று.

கையெழுத்துப் போடும் நண்பருக்கு விஷயத்தை மறைக்காதீர்கள். ஆள் ஓடினால் அந்தத் தொகை முழுவதையும் அவர்தான் கட்ட வேண்டும். ஃபெடரல் கோர்ட்டில் பெரும்பாலும் ரொக்கம் கட்டி வெளியே எடுக்கும் முறை இல்லை, கையெழுத்து, சொத்து, காலில் ஜிபிஎஸ் பட்டை என்று நிபந்தனைகள்தான். கட்ட முடியாத தொகையைக் கேட்டே ஒருவரை உள்ளே வைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே "அவசரமாக இத்தனை டாலர் அனுப்புங்கள், ஆளை எடுக்கிறேன்" என்று வரும் போனை நம்பாதீர்கள். கோர்ட்டும் ஏஜென்ட்டும் கிஃப்ட் கார்டோ கிரிப்டோவோ கேட்கவே மாட்டார்கள்.

ஜாமீன் விசாரணைக்கு முன், அதுபற்றிக் கோர்ட்டுக்கு அறிக்கை தரும் ப்ரீட்ரயல் அதிகாரி ஒருவர் வந்து பேட்டி எடுப்பார். குடும்பம், வேலை, சொத்து, பயணம், உடல்நலம் பற்றிக் கேட்பார். வக்கீல் கூட இருக்கும்போது மட்டும் பேச வேண்டும். வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். கைதானவர் ஊரில் சொத்து இல்லை என்று சொல்ல, அம்மா போனில் "மூன்று ஏக்கர் இருக்கு சார்" என்று சொன்னால் ஜாமீன் அங்கேயே முடிந்தது. அதிகாரி குடும்பத்துக்குப் போன் செய்து சரிபார்ப்பார் என்பதை ஊருக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

விசாவில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கல். குடியேற்றத் துறை "டீடெய்னர்" (ஆளைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லும் கோரிக்கை) போட்டிருந்தால், ஜாமீன் கிடைத்த நிமிடமே அவர்கள் பிடித்துக்கொண்டு போகலாம். ஜாமீன் கேட்கும் முன்பே இதைக் குற்ற வழக்கு வக்கீலும் குடியேற்ற வக்கீலும் சேர்ந்து யோசித்திருக்க வேண்டும்.

5. ஜெயில் போன்

எல்லா அழைப்பும் பதிவாகும். தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்ற நினைப்பு வேண்டாம், மொழிபெயர்த்து வாங்குவார்கள். "அவன்கிட்ட பேசினியா, அவன் என்ன சொல்லப்போறான்" என்று மனைவியிடம் கேட்ட ஒற்றை வாக்கியம் சாட்சியை மிரட்டியதாக ஆங்கிலத்தில் வந்து நிற்கும். "அவன்கிட்ட சொல்லிடு" என்பதில் மிரட்டல் இருக்கிறதா, வெறும் தகவலா என்பது மொழிபெயர்ப்பவர் கையில். ஃபெடரல் சிறையின் மின்னஞ்சலும் கண்காணிப்பில்தான் இருக்கிறது, வக்கீலுக்கு அனுப்புவதும் சேர்த்தே. சாப்பாடு, குழந்தைகள், அம்மாவின் மூட்டுவலி, இவை மட்டும் பேசுங்கள். வழக்கு என்றால் வக்கீல் நேரில் வரும்போது.

6. பணம் அனுப்பும்போது

ஊரிலிருந்து வங்கி வழியாக அனுப்ப, இந்திய ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை இடம் உண்டு. கல்வி, மருத்துவம் அல்லாத காரணத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகையில் 20 சதவீதம் வங்கி பிடித்துக்கொள்ளும். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் அந்த 20 சதவீதம் இப்போதே கையில் இருக்க வேண்டும். ஹவாலா வழியை எண்ணிக்கூடப் பார்க்காதீர்கள், அது மோசடி வழக்கோடு பணச்சலவையையும் சேர்க்கும்.

அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் வங்கியில் போட்டால் வங்கி அறிக்கை அனுப்பும், வக்கீல் ரொக்கமாக வாங்கினாலும் வரித் துறைக்குப் படிவம் 8300 அனுப்பியாக வேண்டும். அது வழக்கமான அறிக்கை, பயப்பட ஒன்றுமில்லை. அதைத் தவிர்க்க 9,000, 9,500 என்று பிரித்துப் போடுவதுதான் குற்றம், நல்ல பணமாக இருந்தாலும்.

சொத்தை முடக்கியிருந்தால் நாள் எண்ணுங்கள். கோர்ட்டுக்குப் போகாமல் நிர்வாக வழியில் பறிமுதல் செய்வதாக நோட்டீஸ் அனுப்பினால், அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 35 நாள் உரிமை கோர அவகாசம் இருக்கும். கடைசித் தேதி நோட்டீசிலேயே அச்சாகியிருக்கும். தவறினால் வழக்கில் ஜெயித்தாலும் அந்தப் பணம் திரும்புவது கடினம். குற்றத்தோடு தொடர்பில்லாத பணத்தை விசாரணைக்கு முன் முடக்கி, வக்கீல் வைக்க விடாமல் செய்யக் கூடாது என்று 2016-ல் லூயிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே சம்பளப் பணம் எது, பிற வரவு எது என்று காட்டும் வங்கி அறிக்கைகளைத் தேதிவாரியாக எடுத்து வையுங்கள்.

7. வழக்கின் எடையைக் கணக்கிடுதல்

கைதாகி 30 நாளுக்குள் குற்றப்பத்திரிகை, அதிலிருந்து 70 நாளுக்குள் ஜூரி விசாரணை என்பது சட்டத்தின் கணக்கு. மனுக்கள், ஒத்திவைப்புகள் கழிக்கப்படும் என்பதால் மோசடி வழக்கு ஓராண்டைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் காலத்தில் அரசு தரும் சாட்சிய ஆவணங்களை, "டிஸ்கவரி" என்பார்கள், வக்கீலோடு உட்கார்ந்து கைதானவரே படிக்க வேண்டும். வக்கீலுக்குப் புரியாத பேச்சுவழக்குத் தமிழ் குறுஞ்செய்திகளில் அரசின் மொழிபெயர்ப்பு எங்கே வழுக்குகிறது என்று அவரால்தான் சொல்ல முடியும்.

போதைப்பொருளில் எடைதான் எல்லாம். கலப்படம் உட்படக் கலவையின் மொத்த எடையைப் போடுவார்கள். ஃபென்டனில் என்ற வீரியமான வலிமருந்து கலந்தது 40 கிராம் என்றால் குறைந்தபட்சம் 5 ஆண்டு, 400 கிராம் என்றால் 10 ஆண்டு. கொக்கைன் 500 கிராமுக்கு 5, 5 கிலோவுக்கு 10. ஒரு போலி மாத்திரை 0.1 கிராம் என்று வைத்தால், 400 மாத்திரையிலேயே 5 ஆண்டுக் கோடு வந்துவிடும். எல்லைக்கோட்டுக்கு அருகில் இருந்தால் ஆய்வகத் தாள்கள் முழுவதையும் கேளுங்கள்: எத்தனை மாத்திரையைச் சோதித்தார்கள், மீதியை எப்படிக் கணக்கிட்டார்கள், உறையின் எடையைக் கழித்தார்களா? மறுசோதனை கேட்கும் உரிமையும் உண்டு. முன்குற்றம் குறைவாக, ஆயுதமும் வன்முறையும் இல்லாமல், யாருக்கும் சாவோ கடுங்காயமோ நேராமல், தலைமைப் பொறுப்பிலும் இல்லாதவர் தெரிந்ததை எல்லாம் உண்மையாகச் சொன்னால், குறைந்தபட்சத்துக்குக் கீழே போக நீதிபதிக்கு வழி இருக்கிறது. "சேஃப்டி வால்வ்" என்று கேட்டால் வக்கீலுக்குப் புரியும். வெளிநாட்டவருக்கும் அது உண்டு.

மோசடியில் இழப்புத் தொகைதான் எல்லாம். தண்டனை மாதங்களைப் புள்ளி போட்டுக் கணக்கிடும் வழிகாட்டிக் கையேட்டின் நவம்பர் 2024 பதிப்பின்படி வயர் மோசடிக்கு (போன், இணையம் போன்றவை வழியாகச் செய்யும் மோசடி) அடிப்படை 7 புள்ளி. இழப்பு 2,50,000 டாலரைத் தாண்டினால் 12 கூடும். ஆக 19. குற்றத்தை ஒப்புக்கொண்டால் 3 குறைந்து 16. முன்குற்றக் கணக்கில் முதல் வகையில் வருபவருக்கு, வேறு கூட்டலோ கழித்தலோ இல்லாவிட்டால், அது 21 முதல் 27 மாதம். அதே இழப்பு 2,00,000 என்று நிறுவினால் 12-க்குப் பதில் 10, முடிவில் 14 புள்ளி, 15 முதல் 21 மாதம். ஓர் எக்செல் தாளில் இரட்டையாக எண்ணிய வரிகளைக் கண்டுபிடிப்பதற்கு ஆறு மாத மதிப்பு உண்டு. பார்சல் வாங்கப் போனவர் மீது மொத்தக் கும்பலின் இழப்பையும் ஏற்றியிருப்பார்கள். எந்தத் தேதியில் சேர்ந்தார், எவ்வளவு கூலி, யார் சொன்னார்கள் என்பதை வைத்து அவர் பங்குக்கு உட்பட்டதை மட்டும் நிறுத்தவும், சிறு பங்குக்கான 2 முதல் 4 புள்ளிக் குறைப்பைக் கேட்கவும் வேண்டும். பிறர் அடையாளத்தைப் பயன்படுத்தியதாகத் தனிக் குற்றச்சாட்டு இருந்தால் அதற்குக் கட்டாயம் 2 ஆண்டு, மற்றத் தண்டனைக்கு மேல் சேர்த்து. 2023-ல் வந்த டூபின் தீர்ப்பு அதைக் குறுக்கியிருக்கிறது, வக்கீலிடம் கேளுங்கள். கையேடு பெரும்பாலும் நவம்பர் 1-ல் திருத்தப்படும், நடப்புப் பதிப்பைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

8. ஒப்புதல் உடன்படிக்கை: கையெழுத்துக்கு முன்

ஃபெடரல் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றத்தை ஒப்புக்கொண்டே முடிகின்றன. ஆகவே அரசுத் தரப்போடு கையெழுத்திடும் இந்தத் தாளில்தான் வழக்கின் உண்மையான சண்டை. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்கு, மாதக் கணக்கைவிடச் சொற்கள் முக்கியம்.

10,000 டாலருக்கு மேல் இழப்பு ஏற்படுத்திய மோசடி குடியேற்றச் சட்டத்தில் "அக்ரவேட்டட் ஃபெலனி", அதாவது மிகக் கடுமையான குற்ற வகை. சிறைத் தண்டனையே இல்லாமல் நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும் கிடைத்தாலும் நாடுகடத்தலுக்கு அது போதும், அதிலிருந்து மீளும் வழிகளும் பெரும்பாலும் அடைபடும். உடன்படிக்கையில் எழுதிய இழப்புத் தொகையையும், திருப்பிக் கட்டச் சொன்ன தொகையையும் எடுத்துப் பார்த்து முடிவெடுக்கலாம் என்பது 2009-ன் நிஜாவன் தீர்ப்பு. போதைப்பொருள் கடத்தலும் அதே வகை. சொந்த உபயோகத்துக்கு 30 கிராமோ அதற்குக் குறைவோ கஞ்சா வைத்திருந்த ஒரே ஒரு சம்பவம் தவிர, போதைப்பொருள் தண்டனை எதுவும் நாடுகடத்தக் காரணமாகும். கிரீன் கார்டில் இருபது ஆண்டு இருந்தவருக்கும் இதே கதிதான்.

குடியேற்ற விளைவைச் சொல்ல வேண்டியது குற்ற வழக்கு வக்கீலின் கடமை என்று 2010-ல் படீயா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் அவர் "பாதிப்பு வரலாம்" என்று பொதுவாகச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். குற்றமும் குடியேற்றமும் சேரும் இடத்தைத் தெரிந்த குடியேற்ற வக்கீலிடம் உடன்படிக்கையின் வரைவைக் காட்டி, எழுத்தில் கருத்து வாங்குங்கள். எந்தப் பிரிவில் ஒப்புக்கொள்வது, தொகையை எப்படி எழுதுவது என்று மாற்றக் கூடிய நேரம் கையெழுத்துக்கு முன்தான்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் வேலை போனால் நாட்டில் தங்க அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். ஜாமீனில் பாஸ்போர்ட்டைக் கோர்ட் வாங்கி வைத்திருக்கும், நாட்டைவிட்டுப் போகவும் முடியாது. இந்த முடிச்சை முதல் வாரத்திலேயே குடியேற்ற வக்கீலிடம் கொண்டுபோங்கள். கைதானதற்கே விசாவை ரத்து செய்யவும் வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு.

தெரிந்ததை அரசுத் தரப்பிடம் உட்கார்ந்து சொல்லும் "ப்ரோஃபர்" என்ற பேச்சுக்கு அரசு அழைத்தால், முதலில் அதற்கான கடிதத்தை வக்கீல் வரி வரியாக விளக்க வேண்டும். அங்கே சொன்னதை நேரடியாக எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்று இருக்கும். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் துப்பைப் பயன்படுத்தலாம், பின்னால் மாற்றிப் பேசினால் அதையே எடுத்துக் காட்டலாம். பாதி உண்மை சொல்லப் போவதாக இருந்தால் போகாமலே இருப்பது நல்லது.

9. தண்டனைக்கு முன்

ஒப்புக்கொண்ட பிறகு, கோர்ட்டின் ப்ரொபேஷன் அதிகாரி ஒருவர் அவருடைய முழு வாழ்க்கையையும் நீதிபதிக்கு அறிக்கையாக எழுதுவார். வரைவு, தண்டனை நாளுக்கு 35 நாள் முன்னால் கைக்கு வர வேண்டும், மறுப்பைச் சொல்ல 14 நாள். இதைத்தான் பலர் மேலோட்டமாகப் படித்துவிட்டு விடுகிறார்கள். எடை, இழப்பு, பங்கு, போதைப் பழக்கம், படிப்பு, எல்லாவற்றையும் பேனாவோடு படியுங்கள். சிறைத் துறை எந்தச் சிறை, என்ன சிகிச்சை என்று முடிவெடுப்பதும் இந்த அறிக்கையைப் பார்த்துத்தான்.

நீதிபதிக்குக் குடும்பம் எழுதும் கடிதங்களை நேராகக் கோர்ட்டுக்கு அனுப்பாமல் வக்கீலிடம் கொடுங்கள். ஒரே வாசகத்தைப் பத்துப் பேர் கையெழுத்திட்டு அனுப்பினால் ஒன்றுக்கும் பயனில்லை. "என் மகன் தவறே செய்யவில்லை" என்று எழுதினால், ஒப்புக்கொண்டதற்குக் கிடைக்கவிருந்த குறைப்புக்கே உலை. அப்பாவின் டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் யார் கூட்டிப் போனார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிய கடிதம் வேலை செய்யும். தமிழில் எழுதலாம், கூடவே சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும்.

கட்ட முடிந்த நஷ்டஈட்டை வக்கீல் வழியாக முன்கூட்டியே கட்டத் தொடங்குங்கள். குற்றம் வெளிப்பட்ட பின் கட்டுவது இழப்புப் புள்ளியைக் குறைக்காது, நீதிபதி பார்ப்பார். ஒவ்வொரு பெருங்குற்றத்துக்கும் 100 டாலர் கட்டணம் தனி.

ஃபெடரல் சிறையில் பரோல் கிடையாது. நன்னடத்தைக்கு ஆண்டுக்கு 54 நாள் வரை கழியும். பயிற்சிகளில் சேர்ந்தால் கிடைக்கும் கூடுதல் நாள்களை, இறுதி நாடுகடத்தல் உத்தரவு உள்ளவர் முன்விடுதலைக்குப் பயன்படுத்த முடியாது. அதையும் கணக்கில் வைத்தே மாதங்களைப் பேசுங்கள்.

10. தீர்ப்புக்கு மறுநாள்

அப்பீல் நோட்டீஸ் கொடுக்க 14 நாள்தான். உடன்படிக்கையில் அப்பீல் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தாலும் கைதானவர் கேட்டால் வக்கீல் நோட்டீஸ் போட வேண்டும், ஆகவே எழுத்தில் கேளுங்கள். வக்கீல் சரியாகச் செயல்படவில்லை என்பது போன்ற காரணத்துக்கான தனி மனுவுக்கு, தீர்ப்பு இறுதியானதிலிருந்து பொதுவாக ஓராண்டு. இரண்டு தேதியையும் தீர்ப்பு வந்த அன்றே நாள்காட்டியில் குறித்து, வழக்கின் முழுக் கோப்பையும் வக்கீலிடமிருந்து கேட்டு வாங்கி வையுங்கள்.